அமெரிக்கா ‘லாக்’ செல்போனா? சாப்ட்வேர் ஏத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சிங்கப்பெருமாள் கோவில்,

பாதி விலைக்கு புத்தம் புதுசு மாதிரி ஒரு செல்போன். ஆசையா வாங்கி நம்ம ஊர் சிம்கார்டை போட்டா ‘சிம் நாட் சப்போர்ட்டடு’ என்று திரையில் வந்து நிற்கிறது. கடைக்காரரிடம் திரும்பப் போனால், ‘‘அது அமெரிக்கா லாக் பீஸ் தம்பி. சாப்ட்வேர் ஏத்தினா ஓபன் ஆகிடும், கொஞ்சம் செலவாகும்’’ என்கிறார்.

சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரூம் எடுத்து தங்கி ஷிப்டு வேலைக்குப் போகும் வாலிபர்களுக்கு இது பழக்கமான பேச்சுதான். போனுக்கு ஒரு தொகை, ‘அன்லாக்’குக்கு இன்னொரு தொகை, கடைசியில் போன் ‘டெட்’. சம்பளப் பணம் போன இடம் தெரியாது.

சாப்ட்வேர் ஏத்தினால் லாக் போகுமா? சில போனில் கொஞ்சம் வேலை நடக்கும். பெரும்பாலும் போகாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதில் எது நிஜம், எது கதை என்று நாமே பிரித்துவிடலாம்.

இங்கே செஞ்ச போன், இங்கே வேலை செய்யாதா?

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் தொழிற்சாலை ஐபோன் தயாரிக்கிறது. நம்ம ஊருக்கு அடுத்தாப்புல இருக்கும் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2022-ல் பெகட்ரான் தொழிற்சாலை திறந்தது. 2025 ஜனவரியில் அதன் பெரும்பங்கு டாடா எலக்ட்ரானிக்ஸ் கைக்கு வந்தது. 2025 ஏப்ரல்-ஜூன் மாதங்களில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவில் செய்தவையாக இருக்கும் என்று ஆப்பிள் தலைமை அதிகாரி டிம் குக்கே சொன்னார்.

அப்படியென்றால் இந்த ரோட்டில் கன்டெய்னரில் ஏறிப்போன ஒரு போன், அமெரிக்கா போய், அங்கே ஒருத்தர் பயன்படுத்தி, செகண்ட் ஹேண்டாக மறுபடியும் இதே சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வரலாம். அதை லைனில் நின்று பூட்டின தங்கச்சியே காசு கொடுத்து வாங்கினாலும், அவர் சிம்கார்டை அது ஏத்துக்காது!

காரணம், லாக்கை போட்டது தொழிற்சாலை இல்லை. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி., வெரிசான், டி-மொபைல் மாதிரி கம்பெனிகள் போனை தவணைக்கு கொடுக்கும். மாதாமாதம் கட்டணும். கட்டி முடிக்கிற வரைக்கும் வேற கம்பெனி சிம் போடக்கூடாது என்று பூட்டி வைப்பார்கள். தவணை முடிந்து, அவர்கள் சொல்லும் நாட்களும் கழிந்தால் காசு வாங்காமலே திறந்துவிடுவார்கள்.

தவணையை பாதியில் விட்ட போனை கம்பெனி பெரும்பாலும் திறந்து கொடுக்காது. சந்தைக்கு மலிவு விலையில் வருவதில் இந்த ரகமும் இருக்கு. விலை ஏன் குறைவு என்று இப்போது புரிகிறதா?

நமக்கும் புதுசு இல்லை

நம்ம நாட்டில் போன் தனி, சிம் தனி என்றே பழகிவிட்டோம். நோக்கியா வாங்கினோம், பிடிச்ச சிம்மை போட்டோம். அந்த நோக்கியாவும் 2006-ல் இருந்து 2014 நவம்பர் வரை ஸ்ரீபெரும்புதூரில் தயாரானதுதான்.

ஆனால் லாக் போன் இங்கேயும் இருந்தது. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு செல்போன் கொடுத்தது ஞாபகம் இருக்கா? அது சி.டி.எம்.ஏ. போன். சிம்மே கிடையாது, நம்பரை போனுக்குள்ளேயே எழுதிக் கொடுப்பார்கள். ரிலையன்ஸ் போனை டாடா இண்டிகாமுக்கு மாற்ற யாராவது கம்ப்யூட்டரில் போட்டு ‘ரீபுரோகிராம்’ செய்யணும். 2016-ல் ரிலையன்ஸ் அந்த சர்வீசை நிறுத்தினதும் அந்த செட்டுகள் எல்லாம் பிள்ளைகளுக்கு விளையாட்டு சாமானாகிப் போனது.

2008 ஆகஸ்டு 22-ந்தேதி ஏர்டெல், வோடபோன் இரண்டும் ஐபோன் 3ஜி-யை இந்தியாவில் 31 ஆயிரம் ரூபாய்க்கு விற்பனைக்கு கொண்டு வந்தபோது அதுவும் லாக்தான். 2017-ல் 1,500 ரூபாய் டெபாசிட்டில் வந்த ஜியோபோன், ஜியோ சிம் தவிர வேற எதையும் ஏத்துக்கல.

கேட்டில் ஒரு செக்யூரிட்டி, பஸ்சில் ஒரு செக்யூரிட்டி

இனிமேல்தான் விஷயமே. ‘லாக்’ என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். போனுக்குள் இருப்பது தனித்தனி பூட்டுகள். ஒன்றை திறந்தால் இன்னொன்று திறக்காது.

முதலாவது சிம் லாக். கம்பெனி பஸ் மாதிரி நினைச்சுக்கோங்க. அந்த கம்பெனி ஆளைத் தவிர வேற யாரையும் ஏத்தாது. ஆண்ட்ராய்டு போன்களில் இந்தப் பூட்டு, டவரோடு பேசும் ‘மோடம்’ பகுதியில் இருக்கும். நாம் பார்க்கிற ஸ்கிரீன், ஆப், மெனு எல்லாம் இருக்கும் இடம் வேறு. மெனு இருக்கிற பகுதியை எத்தனை தடவை அழிச்சு எழுதினாலும் மோடம் பகுதியில் இருக்கும் பூட்டு அப்படியே இருக்கும். சாம்சங் போனாக இருந்தால் ‘சிம் நெட்வொர்க் அன்லாக் பின்’ என்று கேட்டுக்கொண்டே நிற்கும். தப்பான நம்பரை திரும்பத் திரும்ப அடித்தால் அதுவும் நிரந்தரமா மூடிக்கும்.

ஐபோனில் கதை வேறு. அதில் பூட்டு ஆப்பிள் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கு. போனை முதலில் உயிர்ப்பிக்கும்போது அதன் ஐ.எம்.இ.ஐ. நம்பரை அனுப்பி, ‘இது யாருக்கு சொந்தமான பீஸ்?’ என்று கேட்கும். பதில் ‘ஏ.டி. அண்ட் டி.’ என்று வந்தால் அந்த சிம்தான். அதனால்தான் தொழிற்சாலையை விட்டு கிளம்பும்போது ஒரே மாதிரி இருக்கும் இரண்டு போன்களில் ஒன்று லாக், இன்னொன்று ஓபன் என்று ஆகிறது. ஐபோனுக்கு ‘வேற சாப்ட்வேர்’ ஏத்தி திறக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த கடையை விட்டு நடையைக் கட்டுங்க.

இரண்டாவது பூட்டு, ‘பூட்லோடர்’. இது கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. போன் ஆன் ஆகும்போது உள்ளே வரும் சாப்ட்வேரின் ஐ.டி. கார்டை பார்க்கும். தயாரித்த கம்பெனியின் கையெழுத்து இருந்தால் உள்ளே விடும், இல்லாவிட்டால் வெளியேதான். ‘கஸ்டம் ரோம்’ என்கிற வெளி ஆட்கள் செய்த சாப்ட்வேரை ஏத்தணும்னா முதலில் இந்த செக்யூரிட்டியை ஒதுக்கி வைக்கணும்.

ஓபனாக விற்கும் கூகுள் பிக்சல் போனில் இதை செட்டிங்கிலேயே செய்யலாம். அதே பிக்சல், வெரிசான் கம்பெனிக்காக விற்றதாக இருந்தால் அந்த பட்டனே மங்கிக் கிடக்கும், அழுத்த முடியாது. அமெரிக்க கம்பெனிகளுக்கான சாம்சங் போன்களிலும் அதே கதிதான்.

ஆக, ‘கஸ்டம் சாப்ட்வேர் ஏத்தி சிம் லாக்கை எடுக்கிறேன்’ என்று சொல்பவர் பஸ் செக்யூரிட்டிக்கு கொடுக்க வேண்டிய பாசை கேட் செக்யூரிட்டியிடம் நீட்டுகிறார்.

சாம்சங்கில் என்ன நடக்கும்?

கடைகளில் அதிகம் கைமாறுவது சாம்சங் அமெரிக்கா பீஸ் என்பதால் கொஞ்சம் விவரமா பார்ப்போம்.

செட்டிங்கில் போய் மாடல் நம்பரின் கடைசி எழுத்தை பாருங்க. ‘யு’ என்று முடிந்தால் அமெரிக்க நெட்வொர்க் கம்பெனிக்காக செய்தது. ‘யு1’ என்றால் அதே அமெரிக்காவில் ஓபனாக விற்றது. ‘பி’ என்றால் நம்ம ஊர் உள்பட மற்ற பல நாடுகளுக்கு வந்தது.

‘யு’ போனில் ‘யு1’ சாப்ட்வேரை ஏத்த முடியும். இரண்டுக்கும் சாம்சங்கே கையெழுத்து போட்டிருப்பதால் பூட்லோடர் தடுக்காது. ‘ஓடின்’ என்ற கம்ப்யூட்டர் புரோகிராமில் கேபிளை மாட்டி ஏத்துவார்கள். நெட்வொர்க் கம்பெனியின் விளம்பர ஆப்கள், போன் ஆன் ஆகும்போது வரும் லோகோ எல்லாம் போய்விடும். பார்க்க ‘ஓபன் போன்’ மாதிரியே இருக்கும். இதைக் காட்டித்தான் பல இடத்தில் காசு வாங்குகிறார்கள். சிம் லாக் மட்டும் அப்படியே இருக்கும்!

‘பி’ சாப்ட்வேரை ‘யு’ போனில் ஏத்தப் பார்த்தால் ஏறாது. சில வருட மாடல்களில் உள்ளே இருக்கும் சிப்பே வேறு. உதாரணத்துக்கு கேலக்சி எஸ்21 இந்தியாவுக்கு எக்சினோஸ் சிப்போடும், அமெரிக்காவுக்கு ஸ்னாப்டிராகனோடும் வந்தது.

இன்னொரு கண்ணி. பில்டு நம்பரில் கடைசியிலிருந்து 5-வதாக வரும் எழுத்தோ எண்ணோ பூட்லோடர் வெர்ஷனை குறிக்கும். இப்போ போனில் 9 இருந்தால் 8 உள்ள பழைய சாப்ட்வேரை ஏத்த முடியாது. ‘பழைய வெர்ஷனுக்கு இறக்கினா லாக் போயிடும்’ என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

பூட்லோடர் திறக்கிற சாம்சங் மாடலிலும் வெளி சாப்ட்வேர் ஒருமுறை ஏறிவிட்டால் ‘நாக்ஸ்’ என்ற மின் பியூஸ் எரிந்துவிடும். பழைய சாப்ட்வேரையே திரும்ப போட்டாலும் அந்த பியூஸ் திரும்ப வராது. செக்யூர் போல்டர், சாம்சங் வாலட் எல்லாம் நிரந்தரமா போச்சு. வாரண்டி கேட்டுப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

சம்பள அக்கவுண்ட் இருக்கிற போனா?

கஸ்டம் ரோம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. 2008 அக்டோபரில் அமெரிக்காவில் டி-மொபைல் கம்பெனி விற்ற ஜி1 தான் உலகின் முதல் ஆண்ட்ராய்டு போன். அதைத் திறந்து நோண்டினவர்களில் ஸ்டீவ் கோண்டிக் என்பவர் 2009-ல் தொடங்கியதுதான் சயனோஜென்மாட். அந்த சயனோஜென்னுக்காக 2014 டிசம்பரில் மைக்ரோமேக்சும் ஒன்பிளசும் டெல்லி ஐகோர்ட்டில் மோதின கதையெல்லாம் உண்டு. 2016 முடிவில் அது மூடப்பட்டு, லீனியேஜ் என்ற பேரில் தொடர்ந்தது. கம்பெனி கைவிட்ட பழைய போனுக்கு புது ஆண்ட்ராய்டு கொடுத்து உயிர் கொடுப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. இரண்டாவது போன் வைத்து பழகிப் பார்க்க நல்ல விஷயம்.

ஆனா ஒரே போன் வைத்திருப்பவர் யோசிக்கணும். பூட்லோடர் திறந்த போனை சில பேங்க் ஆப்கள் கண்டுபிடித்து திறக்கவே மறுக்கும். மாத சம்பளம் ஏறுவது, ஊருக்கு பணம் அனுப்புவது, டீக்கடையில் ஸ்கேன் செய்வது எல்லாம் அந்த ஒரு போனில் இருக்கும்போது இது சின்ன விஷயமா?

லாக் போனாலும் சிக்னல் வருமா?

சரி, சிம் லாக் நிஜமாகவே போய்விட்டது. அப்புறமும் ஒரு தடை இருக்கு.

ஒவ்வொரு நாட்டிலும் டவர் பேசும் அலைவரிசை வேறு. இங்கே ஜியோ 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்சில் ஓடுது. ஏர்டெல்லுக்கும் 2300 முக்கியம். ‘பேண்ட் 40’ என்று சொல்வது இந்த 2300-ஐத்தான். அமெரிக்க கம்பெனிகளுக்காக செய்த பழைய மாடல்கள் பலவற்றில் பேண்ட் 40 கிடையாது. அது ஆன்டெனா, பில்டர் சமாச்சாரம். இல்லாத பார்ட்சை எந்த சாப்ட்வேரும் கொண்டு வர முடியாது. மாடல் நம்பரை நெட்டில் போட்டு பேண்ட் லிஸ்டை பார்த்தால் 2 நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. பேச்சும் 4ஜி வழியாக ‘வோல்டி’யில்தான் போகணும். அந்த செட்டிங் போனின் சாப்ட்வேரில் இல்லாவிட்டால் நெட் ஜோரா வரும், கால் மட்டும் போகாது. இந்த ஒரு குறைக்கு சில மாடல்களில் சாப்ட்வேர் மாற்றுவது உண்மையிலேயே உதவும்.

ஐபோன் விஷயத்தில் இன்னொன்று. 2022-ல் வந்த ஐபோன் 14-ல் இருந்து அமெரிக்கா மாடலில் சிம் போடும் டிரேயே கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், வி கம்பெனிகள் இ-சிம் கொடுக்கின்றன. பி.எஸ்.என்.எல். தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

பழைய ஐபோன்களுக்கு சிம்மோடு ஒட்டி உள்ளே தள்ளும் மெல்லிய சிப் ஒன்று கடைகளில் கிடைக்கும். போனிடம் ‘நான் அமெரிக்கா சிம்’ என்று பொய் சொல்வது அதன் வேலை. ஆப்பிள் ஓட்டையை அடைத்தால் பொய் வெளுத்துவிடும், போன் மறுபடி ஊமை. ஆப்பிளின் இந்த வேலை இன்று நேற்றல்ல. 2007 ஆகஸ்டில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயது அமெரிக்க பையன் முதல் ஐபோனின் லாக்கை உடைத்து, அந்த போனுக்கு பதிலாக ஒரு நிசான் காரும் 3 புது ஐபோனும் வாங்கிக்கொண்டான். அடுத்த மாதமே ஆப்பிள் விட்ட அப்டேட்டில் லாக் உடைத்த போன்கள் பல செங்கல்லாகிப் போயின!

கைவைக்கக்கூடாத நம்பர்

போனில் *#06# அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் வரும். போனின் பிறப்பு சர்டிபிகேட் மாதிரி.

தப்பான பைலை ஏத்தி ‘இ.எப்.எஸ்.’ என்ற பகுதி கெட்டுப்போனால் இந்த நம்பர் காணாமல் போகும். நெட்வொர்க் சுத்தமா வராது. அப்போது ‘வேற நம்பர் போட்டுத் தர்றேன்’ என்று யாராவது சொன்னால் உஷார். அது பணத்தோடு முடியாது.

2023-ம் ஆண்டு தொலைத்தொடர்பு சட்டத்தின் 42-வது பிரிவு 2024 ஜூன் 26-ந்தேதி அமலுக்கு வந்தது. ஐ.எம்.இ.ஐ. நம்பரை திருத்தினால் 3 வருடம் வரை ஜெயில், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருத்திய போன் என்று தெரிந்தே வைத்திருப்பவரும் மாட்டுவார். சாப்ட்வேர் மாற்றுவதும் இந்த நம்பரை மாற்றுவதும் ஒன்றல்ல. முதலாவது உங்க போன், உங்க ரிஸ்க். இரண்டாவது கிரிமினல் கேஸ்.

பெரியவர்களுக்கு 2009 ஞாபகம் இருக்கும். ஐ.எம்.இ.ஐ. இல்லாத சைனா போன்களுக்கு நவம்பர் 30-ந்தேதி நள்ளிரவோடு சிக்னல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் 199 ரூபாய் வாங்கிக்கொண்டு முறைப்படி நம்பர் போட்டுக் கொடுத்தார்கள். அது அரசு அனுமதியோடு நடந்த ஏற்பாடு. அதை சொல்லி இப்போது யாரும் தப்பிக்க முடியாது.

வாங்கும்போது என்ன செய்யணும்?

காசை எண்ணுவதற்கு முன் உங்க சிம்மை போட்டு, கடையிலேயே நின்று ஒரு கால் பேசுங்க. ‘சிம் உள்ளே போகுது, கோடு காட்டுது’ என்பதெல்லாம் பத்தாது. கால் போகணும், கால் வரணும். ஐபோன் என்றால் செட்டிங்கில் ஜெனரல், அபவுட் போய் ‘கேரியர் லாக்’ என்ற வரியில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று இருக்கா பாருங்க. அந்த வரியில் வேற எது இருந்தாலும் போனை திருப்பிக் கொடுத்துவிடுங்க. சிப் ஒட்டின ஐபோனை பிடிக்க, டிரேயை வெளியே இழுத்து சிம்முக்கு கீழே ஏதாவது ஒட்டியிருக்கா என்று பார்த்தால் போதும்.

மெசேஜில் கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்து மூன்றையும் அடித்து, இடம் விட்டு ஐ.எம்.இ.ஐ. நம்பரை எழுதி 14422-க்கு அனுப்புங்க. அந்த நம்பர் எந்த கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். கையில் இருப்பது சாம்சங், பதிலில் வேற கம்பெனி பேர் என்றால் போன் நம்பர் மாற்றினது. திருடு போனதாக முடக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரியும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் 2023 மே மாதத்தில் இருந்து இந்த வசதி இருக்கு.

பழைய ஓனரின் கூகுள் கணக்கோ, ஆப்பிள் கணக்கோ கேட்டால் அது வேற பூட்டு. போன் திருட்டு பீசாக இருக்க வாய்ப்பு உண்டு, தொடாதீங்க.

பில் கேளுங்க. கையால் எழுதின பில்லாக இருந்தாலும் ஐ.எம்.இ.ஐ. நம்பரை அதில் எழுதச் சொல்லுங்க. எழுத மறுக்கிற கடையில் வாங்காதீங்க.

ஏற்கனவே வாங்கிட்டேனே என்பவர்களுக்கு

கொடுத்தது அமெரிக்காவில் இருக்கும் மாமாவோ, சித்தப்பாவோ என்றால் வழி இருக்கு. தவணை பாக்கி இல்லையா என்று அவர்களிடம் கேளுங்க. பாக்கி இல்லை என்றால் அவர்களே போனை விற்ற கம்பெனியிடம் அன்லாக் கேட்கலாம். ஐ.எம்.இ.ஐ. நம்பரை மட்டும் இங்கிருந்து அனுப்பினால் போதும், போனை திரும்ப அனுப்ப வேண்டாம். 2014-ல் ஒபாமா கையெழுத்து போட்ட சட்டம், போன் லாக்கை திறப்பது அங்கே குற்றமில்லை என்று ஆக்கியது. இங்கிலாந்தில் 2021 டிசம்பரில் இருந்தும், ஜப்பானில் அதே வருடம் அக்டோபரில் இருந்தும் புது போனை லாக் செய்து விற்பதே கூடாது. அதற்குப் பிறகு அங்கே புதுசா விற்பனைக்கு வந்த போன் என்றால் இந்த தலைவலி இல்லை.

கடையில் வாங்கினது, ஆள் தெரியாது, திறக்கவே இல்லை என்றால்? வைபையில் படம் பார்க்க, பாட்டு கேட்க அது நல்லாவே ஓடும். ஹாட்ஸ்பாட்டுக்கு பழைய போன் இருக்கவே இருக்கு. அன்லாக்குக்கு என்று எடுத்து வைத்த காசில் டிஸ்பிளே கார்டு ஒட்டிக்கலாம்.